வலக்கைத் திரை

விபத்துக்குப் பிறகு ஜெசிந்தாவின் இடது கை உயிரில்லாமல் தொங்கியது. ஆனாலும் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்களின் சர்வர்களைக் கண்காணிப்பது அவள் வேலை. ஒரே கறுப்புத் திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் முதலில் கீபோர்டின் இடது ஓரத்துக் கன்ட்ரோல் விசையையும் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

"ரிப்போர்ட் செக்‌ஷனுக்கு வந்துடுங்களேன், ஜெசிந்தா. அங்க இவ்வளவு கஷ்டமில்ல," என்றார் மேலாளர் கருணாகரன்.

"இந்த வேலையே இருக்கட்டும் சார்."

எந்த விசை என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கும், அந்தத் திரையின் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஒற்றைக் கையால் வரிவரியாக மாற்றி எழுதினாள். கன்ட்ரோலை அடியோடு நீக்கிவிட்டு, வலது சுண்டுவிரலுக்கு எட்டும் ஒரே ஒரு விசையை அந்த இடத்தில் வைத்தாள். தாவுவதற்கு அம்புக்குறிகள். ஒருமுறை விரல் தவறி, முக்கியமான கட்டத்தையே மூடிவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூடும் கட்டளையை எளிதில் விரல் எட்டாத விசைக்கு மாற்றினாள்.

ஒரு நண்பகலில் மருத்துவமனை ஒன்றின் சர்வர் நின்றுபோனது. அங்கிருந்து அழைப்பு வர, ஜெசிந்தா போனை வலது கையில் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்; கருணாகரன் அவசரமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பழக்கப்பட்ட விசைகளை அழுத்தினார். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார்.

"என்னம்மா இது, எதுவுமே வேலை செய்யல?"

அவள் போனைக் காதிலிருந்து சற்றே விலக்கினாள்.

"இடது கையை எடுத்துடுங்க சார்."

அவர் அந்தக் கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.