பென் டிரைவுக்குள்ள என்ன?

"உண்மையைச் சொல்லு. என் பிளானையெல்லாம் இதுல காப்பி பண்ணியா, இல்லையா?"

பென் டிரைவை மனைவியின் முகத்துக்கு நேரே ஆட்டினார் வீட்டு பிளான் வரைபவர். கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாயிற்று. பழையதெல்லாம் சுத்தமாக அழிந்தாயிற்று. இப்போது பென் டிரைவைச் செருகினால் விளக்கு மட்டும் மினுக்குகிறது, திரையில் ஒன்றையும் காணோம்.

"பண்ணினேங்க. வேற பக்கம் செருகிப் பாருங்களேன்."

செருகினார். அதே கதைதான். நாளைக் காலையில் பிளானைக் கொடுக்காவிட்டால் வந்த வேலை கைநழுவிப் போய்விடும்.

அவளைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி நின்றாள். ஆகா, விஷயம் இருக்கிறது!

அவள் குழந்தைகளுக்கு கவுன் தைத்து விற்பவள். இதே கம்ப்யூட்டரில்தான் வருஷக்கணக்காக டிசைன் வரைந்து வைத்திருந்தாள்.

"உன் கவுனையெல்லாம் முதல்ல அள்ளிப் போட்டிருப்பே. என்னோடது அம்போ! அதானே?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு இந்தத் திருட்டு முழி?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? டிரைவைப் பிடுங்கி வீசப் போனார். பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"வேண்டாங்க! இருக்கிறது அது ஒண்ணுதான்!"

"பார்த்தியா, உன் சரக்குன்னதும் எப்படிப் பதறுது!"

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டார்.

"டிரைவ் நல்லாத்தான்யா இருக்கும். புது சிஸ்டம் அதுக்கு D, E மாதிரி ஒரு எழுத்து ஒதுக்கியிருக்காது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஏதாவது ஒரு எழுத்தைக் கொடு, வந்துடும்."

கொடுத்தார். திறந்தது.

நாளைக்குக் கொடுக்க வேண்டியது, போன வருஷம் வரைந்தது, அதற்கும் முந்தையது... அவருடைய பிளான் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது!

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேலும் கீழும் துழாவினார். ஒரு கவுனைக்கூடக் காணோம்.

"உன் டிசைனையெல்லாம் வேற எங்கே வெச்சிருக்கே?"

"எங்கேயும் இல்லீங்க."

"ஏன்டி, காப்பி பண்ண வேண்டியதுதானே?"

"பெரிய டிரைவ் வாங்கிட்டு வரேன், புது சிஸ்டத்தைச் சாயங்காலம் போடலாம்னு காலையில கெஞ்சினேன். முடியாதுன்னுட்டீங்க. இதுல ஒருத்தரோடதுக்குத்தாங்க இடம் இருந்துச்சு."