நான்காவது பிளவு

பூனை நானூற்றுப் பன்னிரண்டாவது தடவையாக மலையிலிருந்து விழுந்தபோது மலைக்காரர் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழுந்தது திரையில்தான். நாங்கள் வீடியோ கேம் செய்கிற கம்பெனி. மலை, பள்ளம், பாறை எல்லாம் வரைந்து கட்டுகிறவர் என்பதால் அவர் மலைக்காரர். எத்தனை தடவை விழுந்தாலும் சத்தமில்லாமல் எழுந்து மறுபடி ஏறுவதால் அவள் பூனை. கேம் வெளியே போவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக என் வேலையும் அதுதான்.

எல்லாச் சாகசக் கதையிலும் இப்படி ஒரு மலை வந்து தொலைக்கும். புதையல் மேலே இருக்கும், நாயகி கீழே இருப்பாள். நடுவில் செங்குத்தாக ஒரு பாறைச்சுவர், பிடிக்க நாலே நாலு பிளவு, பிடித்தவளைத் தள்ளிவிட ஒரு காற்று. எங்கள் மலையில் நான்காவது பிளவிலிருந்து தாவி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைப் பிடிக்க வேண்டும். பூனையின் நாயகி தாவுவாள். விரல் நுனி பாறையைத் தடவும். அவ்வளவுதான், கீழே.

மூன்று வாரமாக இதே கதை. 'ஏற முடியவில்லை' என்று அவள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளையெல்லாம் மலைக்காரர் 'கை வரவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மலையில் குறை இல்லையாம், அவள் கையில்தான் குறையாம். எல்லாரும் ஏறினால் அது மலை இல்லை, மாடிப்படி என்று வேறு போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கன்ட்ரோலரை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாள். நேற்று நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை கேம் வெளியே போகிறது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூனையும் வெளியே போகிறாள். வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் முதலாளியின் மேசையில் தயாராக இருந்தது.

"சில பேருக்கு வராதும்மா. வேற வேலை பாத்துக்கோ," என்றார் மலைக்காரர், சிரிப்பை அடக்காமல்.

அவள் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பிடுங்கி அவர் மடியில் போட்டேன்.

"நீங்க ஏறிக் காட்டுங்க சார்."

அறையே திரும்பிப் பார்த்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கட்டைவிரல் தானாகப் பறக்கும் பொத்தானுக்குப் போனது.

வாங்கி விளையாடுகிறவர்களுக்கு அந்தப் பொத்தான் கிடையாது, எங்களுக்கு மட்டும்தான். அழுத்தினால் நாயகி விர்ரென்று உச்சிக்குப் போய்விடுவாள். மேலே மேகம் ஒழுங்காக நகர்கிறதா, கழுகுக்கூடு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் யார் ஏறிக்கொண்டிருப்பது? இன்று காலையிலேயே நான் அதை நிறுத்தி வைத்திருந்தேன்.

அவர் அழுத்தினார். நாயகி நின்ற இடத்திலேயே நின்றாள்.

வேறு வழியில்லாமல் ஏறத் தொடங்கினார். முதல் பிளவிலேயே மூன்று தடவை விழுந்தார். எட்டு மாதமாக அந்த மலையைக் கட்டிய மனிதருக்கு அதன் அடிவாரம் தெரியவில்லை. எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. விழட்டும். நன்றாக விழட்டும். இருபத்தேழாவது தடவை எப்படியோ தட்டுத் தடுமாறி நான்காவது பிளவுக்கு வந்து தாவினார். விரல் நுனி பாறையைத் தடவியது. அவரும் கீழே.

முதலாளி கடிதத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

அவரைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். தான் ஏறாத மலையில் அடுத்தவளை ஏறச் சொல்கிற திமிர், குறையைச் சொன்னவளையே குறை சொல்கிற புத்தி, ஒன்றையும் விடவில்லை. பாறையை ஒரு சாண் கீழே இறக்கினால் போதும், இவளை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை என்று முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

மலைக்காரரின் காது சிவந்திருந்தது.

"நான் ஏறினதில்லதான் சார். ஏறியாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே, அதை நம்பினேன்," என்று ஃபைலைத் திறந்து காட்டினார்.

நான்கு மாதத்துக்கு முந்தைய தாள். 'கீழிருந்து கையால் ஏறிப் பார்த்தேன். சரியாக உள்ளது.' அடியில் என் கையெழுத்து.

அன்றைக்கு எனக்கு ஏதோ அவசரம். என்ன அவசரம் என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. பறந்து போய் மேகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். ஏறாமல் போட்ட கையெழுத்துக்கு மட்டும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

முதலாளி என்னைப் பார்த்தார். பூனைதான் முந்திக்கொண்டாள்.

"அக்கா ஏறியிருக்காங்க சார். மொத நாளே அந்தத் தாளைப் பாத்தேன். அதனாலதான் நானும் விடாம ஏறிட்டிருக்கேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே நம்பியிருந்தாள்.

"நான் ஏறல," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருந்தது. "நான் ஏறவே இல்ல!" என்று கத்தினேன், ஏதோ அவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி.

முதலாளி கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பூனை அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரமா பக்கத்துலதானேக்கா உக்காந்திருந்தீங்க," என்றாள்.