கதவிலக்கம் பதினான்கு, கடலுக்குள்

2058ஆம் ஆண்டு ஆகஸ்டு 9. கடற்கரையைப் பற்றி எங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அந்தக் கடலால் வீடிழந்தவர்களின் கருத்தை மட்டும் ஏற்க மறுக்கிறார்கள். இதுவே என் முறையீடு.

சிலுவைத்துறையில், கடலுக்குள் போட்ட கற்சுவரை மேலும் நீட்டப் போகிறார்கள். நீட்டினால் மணல் வரத்து தடைபட்டு, எஞ்சிய ஒரே தெருவையும் கடல் கொள்ளும். அத்தெருவின் பதினொரு வீட்டாரின் ஆட்சேபம் மட்டும் போதாது. அரசின் கருத்துக்கேட்புக் கருவியோ, பேசுபவர் தம் பதிவு முகவரியில் நின்றால்தான் செவிசாய்க்கும். மீன் விற்கும் இஞ்ஞாசியம்மாளின் வீடு சென்ற ஆண்டே கடலுக்குள் போயிற்று. இப்போது அவர் அத்தெருவில் தங்கை வீட்டில் ஒண்டியிருக்கிறார்.

"வீடு இருந்த இடத்துக்கே போயிருவோம், சார்," என்று அவர் தம்பி ரொசாரி வள்ளத்தை இறக்கினார். இதை எழுதவந்த நானும் ஏறினேன். கரையிலிருந்து சற்றுத் தூரம் சென்றபின் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

"அடுப்படிக்கு மேல நிக்கோம் போல," என்றார் இஞ்ஞாசியம்மாள். "காலத் தூக்கிக்கிடுங்க சார், உல கொதிக்கு."

பிறகு கருவியை வாயருகே பிடித்தார்.

"கல்ல நீட்டாதீங்கய்யா. எங்க வீடு எப்படிப் போச்சுன்னு சொல்லுதேன். மொதல்ல கெணத்துத் தண்ணி..."

ஓர் அலை வள்ளத்தைத் தள்ளியது. விளக்கு அணைந்தது. கருவி அறிவித்தது: "பேசுபவர் தம் இருப்பிடத்தை விட்டு வெளியேறினார். ஆட்சேபம் இல்லை எனப் பதிவாயிற்று."

"ஏலே, திருப்புலே," என்று அவர் தம்பியை அதட்டினார். அதே இடத்துக்குத் திரும்பினோம். ஒருவருக்கு ஒரு வாய்ப்புத்தான் என்றது கருவி.

அடுத்த வெள்ளிக்கிழமைவரை இம்மாவட்டத்தார் எவரும் பேசலாம். உங்கள் வீடு இன்னும் தரையில் நிற்கிறது. வீட்டு வாசலில் நின்று, இஞ்ஞாசியம்மாளுக்காக ஆட்சேபம் சொல்லுங்கள்.