முதலில் காய்ந்தவை

கடைசல்காரர் அருளப்பன் ஒரு பச்சைப் பூவரசங் கட்டையைச் சுழலவிட்டு, பாதிக் கிண்ணமாகக் கடைந்தார். கீழே உதிர்ந்த மரச்சுருள்களை வாரிச் சாக்கில் போட்டார். அதற்குள்ளேயே கிண்ணத்தையும் புதைத்து, வாயைக் கட்டி மூலையில் வைத்துவிட்டார்.

கிண்ணத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பாதியிலே விட்டுட்டாரே! போயும் போயும் இந்தக் குப்பைக்குள்ளேயா?"

"காலை வரைக்கும் நாம எல்லாரும் ஒரே கட்டைதான் தம்பி," என்றன சுருள்கள். "சீக்கிரம் காய்ஞ்சா நீ வெடிச்சுடுவே. வர்ற அனலை முதல்ல நாங்க வாங்கிக்கிறோம். நீ மெல்லக் காயலாம்."

சித்திரை வந்தது. தகரக் கூரை கொதித்தது. சுருள்கள் ஒவ்வொன்றாக மொறுமொறுத்துப் போயின. நடுவே கிண்ணம் மட்டும் குளிர்ச்சியாகக் கிடந்தது.

"உயிருள்ள வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன்," என்று அது தழுதழுத்தது.

வருஷம் திரும்பியதும் அருளப்பன் கிண்ணத்தை வெளியே எடுத்தார். கடைந்து முடித்து, எண்ணெய் தேய்த்து அலமாரியில் வைத்தார். அங்கே ஓரமாக நின்ற மரக்குவளைக்கு மேலிருந்து கீழ்வரை வெடிப்பு.

"உன் மேலே ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி?" என்று குவளை ஏக்கத்தோடு கேட்டது.

"நான் பிறவியிலேயே கெட்டி," என்றது கிண்ணம்.

கீழே அருளப்பன் டீ போட அடுப்பு மூட்டினார். சாக்கைக் கவிழ்த்துச் சுருள்களைத் தள்ளினார். நன்றாகக் காய்ந்திருந்ததால் அவை உடனே பற்றிக்கொண்டன. அந்த வெளிச்சத்தில் கிண்ணம் பளபளவென்று மின்னியது.