மில்லர் பாதிரியாரின் நினைவுப் பலகை

போதகர் தவநேசனுக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. அவர் எழுதிக் கொடுத்த பேச்சை, மெல்பேர்ன் தமிழ்ச் சபைச் செயலாளர் சற்குணம் வாசித்து முடித்தார்.

"இந்தக் கோயிலைக் கட்டின மில்லர் பாதிரியாரை நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி மூன்று சபை துரத்திக் கலைச்சிருக்கு! ஏன்? போக்கிடம் இல்லாத சீனரைக் கோயிலுக்குள்ள படுக்கவிட்டாராம். என்ன சனமப்பா!"

"ஓம்."

"ஞாயிற்றுக்கிழமை அவரின்ர நினைவுப் பலகையை நீங்கள்தான் திறக்கவேணும், பாஸ்டர்."

"சரி. என்ர விசயம் என்ன மாதிரி? நேற்றுக் கமிட்டி கூடினதெல்லோ?"

சற்குணம் மில்லருக்காகக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆப்கான் அகதிக் குடும்பத்தை எங்களைக் கேளாமல் கோயில் ஹோலில தங்கவிட்டது பிழைதானே? பலகையைத் திறந்த கையோட கோயில் சாவியையும் தந்திட்டுப் போங்கோ."