ஏழாம் குழாய்

குதிரைலாட நண்டின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு ஓடுகிறது. காற்று பட்டால் நீலமாகும், படாவிட்டால் வெறும் தண்ணீர் நிறம்தான். ஒரு பொட்டுக் காற்றும் புகாமல் அந்த ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைப்பதில், அந்த ஆய்வுக்கூடத்தில் சின்னக்காவை அடிக்க ஆளில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் அடைத்த ஒரு குழாய்கூட நீலமானதில்லை.

அன்று காலை ஏழாம் குழாய் நீலமாக இருந்தது.

"எங்கயோ காத்து புகுந்திருக்குக்கா," என்றார் மேலாளர்.

"நான் மூடினதுலயா?"

அவளுக்குச் சுருக்கென்றது. மூடியின் மெழுகைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கீறல்கூட இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வெளுத்தது. மறுபடி நீலமானது. மறுபடி வெளுத்தது.

மேலாளர் குழாயைப் பார்த்தார். பிறகு அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"கொஞ்சம் மூச்சை அடக்குங்கக்கா."

அடக்கினாள். குழாய் வெளுத்தபடியே நின்றது. அவள் மூச்சை இழுத்ததும் நீலம் அடிவரை பரவியது.

மேலாளருக்கு வேர்த்துவிட்டது. சின்னக்காவின் முகத்திலோ பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்கல்ல? வெளிக்காத்து உள்ள போகவே இல்ல."

சீட்டில் கையெழுத்துப் போட்டுக் குழாயில் ஒட்டினாள். மத்தியானம் உறையவைக்கப் போகிற தட்டில், எல்லார் கண்ணிலும் படும்படி, அதை முதலாவதாக வைத்தாள்.