செயின் தாங்குமா?

“இந்தத் தடவை செயின் அறுந்துடவே கூடாதுண்ணே. எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

மெக்கானிக் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

வண்டி அவள் கணவனுடையது. நாளைக் காலையில் அதில் நெடுந்தூரம் கிளம்புகிறான். போகிறவன்தான் வண்டியைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் பல்பு மாற்றுவதிலிருந்து அவன் சட்டைக்குப் பொத்தான் தைப்பதுவரை எல்லாம் அவள் தலையில்தான். மத்தியான வெயிலில் நாலு தெரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே போல ஒரு காலையில் துணிமணியெல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினான். நூற்றைம்பது கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. செயின் கழன்று, சிக்கி, அறுந்தது. மறுநாள் ஒரு சரக்கு வண்டியில் பைக்கை ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து இறங்கினான். “சுடுதண்ணி வை” என்றான், கடைக்குப் போய்விட்டு வந்தவன் போல.

அந்த இரண்டு நாளும் அவள் அழுத அழுகை பக்கத்து வீடுவரை கேட்டது. இப்போது அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் போல மனசு மரத்துக் கிடந்தது.

“தப்பு என் மேலயும் இருக்கு தங்கச்சி” என்றார் மெக்கானிக். “போன தடவை, செயினை மட்டும் மாத்து, பல்சக்கரம் நல்லாத்தானே இருக்குன்னாரு மாப்பிள்ளை. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிட்டேன். இங்க பாருங்க.”

கழற்றிய பல்சக்கரத்தை நீட்டினார். பற்கள் எல்லாம் தேய்ந்து, கூர்மையாக, ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

“இந்தப் பல்லுல புதுச் செயினைப் போட்டா என்ன ஆகும்? பிடிச்சு நிக்காது. செயினைத் தின்னே தீர்த்துடும்.”

“அப்ப மூணையும் மாத்துங்க. முன்னாடி, பின்னாடி, செயின்.”

அவர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளை எடுத்து வந்தார். “கடைகண்ணிக்குப் போய் வர இது போதும். இன்னொண்ணு விலை கூட. ஒவ்வொரு லிங்குலயும் கிரீஸை வச்சு ரப்பர் வளையம் போட்டு அடைச்சிருக்கான்.”

“எது நடுவழியில காலை வாராது?”

“விலை கூடினதுதான்.”

“அதையே போடுங்க.”

“மாப்பிள்ளை குடுத்து வச்சவரு” என்று சிரித்தார். “என் வீட்டுக்காரிக்கு என் வண்டி என்ன கலர்னே தெரியாது.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை, முகம் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

அவர் முன் பல்சக்கரத்தை மாட்டினார், பின் பல்சக்கரத்தை மாட்டினார், செயினைச் சுற்றிக் கோத்தார். கடைசி லிங்கில் சின்னக் கிளிப்பை அழுத்தும்போது அவள் குனிந்து பார்த்தாள்.

“இது கழண்டு விழாதா?”

“மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டாத்தான் வம்பு. சரியாத்தான் போட்டிருக்கேன்.”

அவள் நம்பவில்லை. தரையில் முட்டி போட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, தானே பார்த்துக்கொண்டாள். சேலையில் கருப்பு மசி அப்பியது. பிறகு செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“ஆடுதே. இன்னும் இறுக்குங்க.”

“இறுக்கினா சீக்கிரம் அறுந்துடும். ரெண்டு விரல் ஆட்டம் இருக்கணும்.”

“அப்ப சரி.”

செயினின் உட்பக்கமாக அவர் எண்ணெய் விட்டார். “ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருக்கா மண்ணைத் தொடைச்சுட்டு இப்படி விடணும். எவ்வளவு தூரம் போறாரு?”

“நானூத்தி எண்பது.”

“அப்ப இந்த டின்னையும் குடுத்து விடுங்க.”

“வேண்டாம்ணே. நீங்க விட்டதே போதும். அவரு துணிமணி மொத்தத்தையும் வச்சதுல ரெண்டு பையும் ரொம்பிருச்சு.”

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிவரை போய்த் திரும்பினார். செயினில் ஒரு முனகல்கூட இல்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். “இன்னொரு தடவை போயிட்டு வாங்கண்ணே” என்றாள். அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு சுற்றும் போய் வந்தார்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கந்தல் துணியில் கை துடைத்தார். தங்கமான மனுஷர். போன தடவை செய்த தப்பு இத்தனை மாதமும் அவரை உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். இப்போதுதான் முகம் தெளிந்திருந்தது.

“இனிமே நிம்மதியா தூங்குங்க தங்கச்சி. செயினுக்கு நான் ஜவாப்பு. மாப்பிள்ளை நல்லபடியா உங்ககிட்டயே திரும்பி வந்துடுவாரு.”

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“திரும்பி வந்துடக் கூடாதுன்னுதாண்ணே மாத்தச் சொன்னேன்.”